இரண்டு தெருவுக்கும் ஒரே மதகு

கையில் மணியும் கண்ணில் கண்டிப்புமாகத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே. இந்த வார்டின் நகர்மன்ற உறுப்பினர் பதவிக்கு நின்று, இந்த ஒரு மாலைக்காவது ஒரே மேடையில் ஒன்றாக உட்காரச் சம்மதித்த மூன்று வேட்பாளர் பெருமக்களே. மேட்டுத்தெருவின் மூத்தோரே, பள்ளத்தெருவின் பெரியோரே. அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே. அணைத்தோமா இல்லையா என்று இப்போதுதான் யோசிக்கத் தொடங்கியிருக்கும் தாய்மார்களே. நான் என்ன உளறப் போகிறேனோ என்று முதல் வரிசையில் கைக்குட்டையைத் திருகிக்கொண்டிருக்கும் என் அக்காவே. மைதானத்துக்கு வெளியே வண்டிகளோடு காத்திருக்கும் ஓட்டுநர் தம்பிகளே. ஒலிபெருக்கியை இன்னும் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டிய சகோதரரே. உங்கள் அனைவர்முன்னும் இந்தத் தையற்கடைக்காரி தலை தாழ்த்துகிறாள். தலை மட்டும்தான் தாழ்கிறது, சந்தேகம் தாழவில்லை.

காலநிலை மாறுகிறது, கோடை கொதிக்கிறது, மழை பெய்தால் கொட்டித் தீர்க்கிறது. இதற்கு இந்த மூவரும் என்ன கொள்கை வைத்திருக்கிறார்கள் என்று பேசு என்றார் தலைமையாசிரியர் ஐயா. எனக்கு என்ன தகுதி? நான் பட்டம் படித்தவள் அல்ல. பதவி வகித்தவள் அல்ல. ஆனால் அவையோரே, வாக்குறுதியைப் பற்றிப் பேச ஒரு தையற்காரியைவிடத் தகுதி உடையவர் யார்? "நாளைக்கு வாங்க, ரெடியா இருக்கும்" என்று சொல்லியே வாழ்கிற குலம் எங்கள் குலம். சிரிக்கிறீர்கள். சிரிக்கிறவர்களில் பாதிப்பேரின் துணி இன்னும் என் கடையில்தான் கிடக்கிறது. நான் "பட்டன் வைக்கறது மட்டும்தான் பாக்கி" என்று சொன்னால் என்ன பொருள்? துணியை நான் இன்னும் வெட்டவே இல்லை என்று பொருள். அதனால்தான், "திட்டம் தயார், கையெழுத்து மட்டும்தான் பாக்கி" என்று ஒரு வேட்பாளர் சொல்லும்போது என் காது விடைத்துக்கொள்கிறது. திருடனைத் திருடன் அறிவான் என்பார்கள். நாளைக்காரனை நாளைக்காரி அறிவாள்.

முதலாமவர் நம் மரக்காரர். பெயர் சொல்லவில்லை, ஊரே அவரை அப்படித்தான் அழைக்கிறது. தெருவெங்கும் நிழல், நிழலெங்கும் குளிர், குளிரெங்கும் குயில் என்று அவருடைய கொள்கை தொடங்குகிறது. அழகு. கேட்கக் கேட்கக் காது குளிர்கிறது. ஆனால் மேட்டுத்தெருவில் அவர் நட்ட கன்றுகளை எங்கே நட்டார்? வடிகால் மூடிமேல் நட்டார். மூடியைத் தூக்கிக் குப்பையை வாரிக்கொண்டிருந்த நகராட்சித் தொழிலாளி, "ஐயா, இதுக்குக் கீழே மண்ணு இல்லீங்க, சாக்கடைதான் இருக்கு" என்றார். "தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, படத்துல விழுறீங்க" என்றார் நம் மரக்காரர். படம் விழுந்தது. மறுவாரம் மரமும் விழுந்தது.

இரண்டாமவர் சுவர்க்காரர். கால்வாயின் இரு கரையிலும் ஆளுயரச் சுவர் எழுப்புவேன், வெள்ளம் தலைகுனிந்து திரும்பிப் போகும் என்கிறார். "ஒரு சொட்டுத் தண்ணி நிக்காது. என் கொள்கைமேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை" என்று என் கடை வாசலிலேயே நின்று சொன்னார். ஐயா, வெளியிலிருந்து வரும் தண்ணீரைச் சுவர் தடுக்கும். எங்கள் கூரையில் விழுந்து எங்கள் வாசலில் ஓடுகிற தண்ணீர் வெளியே போக எந்தச் சுவரைத் தட்டும்? கேட்டேன். "பொறியாளர் பார்த்துக்குவார்ம்மா" என்றார். அந்தப் பொறியாளரை நாங்கள் இதுவரை பார்க்கவில்லை.

மூன்றாமவர் எச்சரிக்கை அம்மையார். மழைக்கு முன்பே எல்லாருடைய கைப்பேசியிலும் மணி அடிக்கும், வெயிலுக்கு முன்பே விளக்கு எரியும் என்கிறார். தாயே, தண்ணீர் வருகிறது என்று எங்களுக்குக் கைப்பேசியா சொல்ல வேண்டும்? எங்கள் கால் சொல்லுமே. எங்கள் பாலம் சொல்லுமே.

பாலம் என்றதும் பின்வரிசையில் ஒரு கனைப்பு கேட்கிறது. ஆமாம் அண்ணே, அதைத்தான் சொல்ல வருகிறேன். வெளியூரிலிருந்து குடிவந்தவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த வட்டாரத்திலேயே உயரமான இடம், இதோ நம் மைதானத்தை ஒட்டி நிற்கும் இந்தப் பாலம். வெள்ளம் வரும் என்று பயந்தால் வண்டி வைத்திருப்பவர்கள் அதன்மேல் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். வானம் கறுத்தால் நாங்கள் வானத்தைப் பார்ப்பதில்லை, பாலத்தைப் பார்ப்போம். முதல் வண்டி அதன்மேல் ஏறிவிட்டது என்றால் வீட்டில் பெண்கள் மளிகைச் சாமானைப் பரணில் ஏற்றுவார்கள். என் வீட்டுக்காரர் தையல் மிஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கிளம்பிவிடுவார். மிஷினுக்குப் பிறகுதான் மனைவி. அது எங்கள் வீட்டுக் கொள்கை.

மூன்று கொள்கைகளிலும் மணக்கிற ஒரு சொல் இருக்கிறது: மீள்திறன். நம் மக்களுக்கு மீள்திறன் அதிகம் என்று மூவரும் புகழ்கிறார்கள். அப்படியென்றால் என்ன என்று மரக்காரரிடம் கேட்டேன். "எத்தனை தடவை விழுந்தாலும் எழுந்துக்கறதும்மா" என்றார். ஐயா, எழுந்திருப்பது எங்கள் வேலையாக இருந்துவிட்டுப் போகட்டும். எங்களைத் தள்ளிவிடாமல் இருப்பது யாருடைய வேலை? அதற்கு எந்தக் கொள்கையில் சொல் இருக்கிறது?

இனி நான் சிரிக்கவும் மாட்டேன், சிரிக்க வைக்கவும் மாட்டேன். மதகைப் பற்றிப் பேசப் போகிறேன்.

பாலத்துக்கு அடியில் கால்வாயில் ஒரு மதகு இருக்கிறது. மூடினால் தண்ணீர் தேங்கி மேட்டுத்தெருவுக்குள் ஏறும். திறந்தால் பாய்ந்து பள்ளத்தெருவுக்குள் இறங்கும். பள்ளத்தெருவைத் தாண்டி ஆறுவரை போக வேண்டிய கால்வாய் தூர்ந்து கிடப்பதால், இறங்கும் தண்ணீருக்கு வீடுகளைத் தவிர வேறு வழி இல்லை. நான் மேட்டுத்தெரு. என் அக்கா பள்ளத்தெருவில் வாழ்க்கைப்பட்டவள். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் நாங்கள், ஒரே மதகின் இரண்டு பக்கத்தில் இருக்கிறோம்.

சென்ற பெருமழையின்போது, பகல் பொழுதில், அப்போதைய உறுப்பினர் மேட்டுத்தெருவுக்குப் போன் செய்தார். அவர் இப்போது போட்டியிடவில்லை. ஆனால் மூவரும் அவரிடம் ஆசி வாங்கிவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். "பள்ளத்தெருவுல எல்லாரையும் மேல ஏத்தியாச்சு. நீங்க மதகைத் திறங்க" என்றார். எங்கள் ஆண்கள் நம்பித் திறந்தார்கள். யாரை ஏற்றியிருந்தார்கள்? ஒருவரையும் இல்லை. யாரிடம் சொல்லியிருந்தார்கள்? ஒருவரிடமும் இல்லை.

என் அத்தான் தரைக்கல் பதிக்கும் வேலை செய்தவர். உங்களில் பலர் வீட்டுத் தரை அவர் முழங்காலில் நின்று போட்ட தரை. பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்துவிட்டார். பேச்சும் போய்விட்டது. தண்ணீர் வாசலைத் தாண்டி, கட்டில் காலை மூடி, பாயை நனைத்தது. அக்கா அறைக்கதவைக் கழற்றினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்து அத்தானைக் கதவில் கிடத்தித் தோளில் தூக்கினார்கள். பள்ளத்தெருவிலிருந்து வெளியே போக வேறு வழி ஏது? பாலம்தான். மார்பளவு தண்ணீரில் பாலத்தின் அடிவாரம் வரை வந்துவிட்டார்கள்.

பாலத்தின்மேல் என்ன இருந்தது தெரியுமா? வண்டிகள். மேட்டுத்தெரு வண்டி, பள்ளத்தெரு வண்டி, எச்சரிக்க மறந்த உறுப்பினரின் வண்டி. கண்ணாடிக்குக் கண்ணாடி உரச, ஒரு ஆள் நுழைய இடைவெளி இல்லாமல் நின்றன. "யாருங்க வண்டி இது? எடுங்க, எடுங்க" என்று அக்கா ஒவ்வொரு வண்டியாகத் தட்டிக்கொண்டே போனாள். எந்த வண்டிக்குள்ளும் ஆள் இல்லை. கடைசியில் கதவோடு அவரை வண்டிகளின் கூரைமேல் ஏற்றி, ஒரு கூரையிலிருந்து அடுத்த கூரைக்குத் தள்ளித் தள்ளி அந்தப் பக்கம் சேர்த்தார்கள். ஊருக்கெல்லாம் தரை போட்டவர் அன்று தரை தொடாமல் போனார்.

பிழைத்தார். நுரையீரலில் சளி தங்கிவிட்டது. இப்போதும் அதே கீழ் அறையில்தான் கிடக்கிறார். அந்தக் கதவை அக்கா இன்னும் நிலையில் மாட்டவில்லை. கட்டிலை ஒட்டிச் சுவரில் சாத்தி வைத்திருக்கிறாள். வெளிச்சம் மங்கினால் அத்தான் முதலில் அந்தக் கதவைப் பார்ப்பார், பிறகு அக்காவைப் பார்ப்பார். மீள்திறன் என்று மேடையில் மணக்க மணக்கச் சொல்கிறீர்களே, அது அக்கா வீட்டில் அந்தச் சுவரோரம் சாய்ந்து நிற்கிறது. வந்து பாருங்கள்.

அதன்பிறகு இரண்டு தெருவுக்கும் பேச்சு இல்லை. நீங்கள்தான் திறந்தீர்கள் என்றது பள்ளம். உறுப்பினர் சொல்லித்தான் திறந்தோம் என்றது மேடு. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். கூத்தாடிகள் யார் என்று நான் சொல்லவில்லை. மேடையில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறோம்.

அக்காகூட என் கடைப்பக்கம் வராமல் இருந்தாள். சென்ற மாதம், மகளின் பள்ளிச் சீருடை இறுக்கமாகிவிட்டது என்று வந்தாள். துணியை மேசைமேல் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

"இந்த மழைக்கு எங்களுக்குக் கவலை இல்லடி."

"ஏன்க்கா?"

"அது சொல்லக் கூடாது."

எனக்கும் ரோஷம் வந்தது. "எங்களுக்கும்தான் கவலை இல்ல" என்றேன்.

"உங்களுக்கு ஏன்?"

"அதுவும் சொல்லக் கூடாது."

எனக்குள் ஊசி ஒன்று குத்தியது.

"அக்கா, சுவர்க்காரர் உங்க தெருவுக்கு வந்தாரா?"

"வந்தாரு."

"மதகைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

தயங்கினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "என்ன மழை பெஞ்சாலும் மூடியே வெச்சிருப்பேன்னாரு. மேட்டுத்தெருவுக்குத் தெரிய வேணாம், அவங்க கலாட்டா பண்ணுவாங்கன்னாரு."

என் கத்தரிக்கோல் நின்றுவிட்டது. "எங்ககிட்ட திறந்தே வெச்சிருப்பேன்னாருக்கா. பள்ளத்தெருவுக்குத் தெரிய வேணாம்னாரு."

"மரக்காரரும் மூடறேன்னுதான் சொன்னாரு."

"எங்ககிட்ட திறக்கறேன்னாரு."

"அந்தம்மா சத்தியமே பண்ணாங்கடி."

"எங்ககிட்டயும் பண்ணாங்க. இதோ, இந்த மிஷின்மேல கை வெச்சு."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்போ அவரை நான் எங்க தூக்கிட்டுப் போவேன்?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அவையோரே, காலநிலை மாற்றம் பற்றி இந்தத் தேர்தலில் கேட்கப்பட்ட கேள்விகளில் எனக்குத் தெரிந்து உருப்படியானது அது ஒன்றுதான்.

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுமாம் விலாங்கு. ஒரு விலாங்கு என்றால் பரவாயில்லை. மூன்று விலாங்குகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். ஆனால் அவர்களை மட்டும் குறை சொல்ல என் நாக்கு ஒப்பவில்லை. "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றார்கள். சொன்னோமா? மேட்டுத்தெரு வாயைத் திறக்கவில்லை, பள்ளத்தெரு மூச்சு விடவில்லை. அடுத்த தெரு மூழ்கினால்தான் நம் தெரு நனையாது என்று தெரிந்தே, அந்த ரகசியத்தை மடியில் முடிந்துகொண்டு உறங்கினோம். நமக்கு ஒரே மதகு. அதைத் திறந்தும் மூடியும் வைக்க எந்த மகானாலும் முடியாது. ஒரு வார்த்தை நாம் பேசிக்கொண்டிருந்தால் இந்தப் பொய் ஒரு நாள் தாங்கியிருக்குமா?

என்ன, எல்லாரும் மேலே பார்க்கிறீர்கள்? ஆமாம், தூறுகிறது. எழுந்திருக்காதீர்கள் தாய்மார்களே, தூறல்தான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை நமக்குத் தெரியும். இன்று நாம் நனைந்துகொண்டே கேட்போம். தலைமையாசிரியர் ஐயா, மணியைக் கொஞ்சம் கீழே வையுங்கள். முடிக்கப் போகிறேன்.

இல்லை. முடிக்கவில்லை. எல்லாரும் திரும்பிப் பாருங்கள். பாலத்தைப் பாருங்கள்.

ஒரு வெள்ளை வண்டி ஏறுகிறது. யாருடையது? சுவர்க்காரருடையது. ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காது என்றவருடைய வண்டி, பத்துச் சொட்டு விழுமுன் பாலம் ஏறுகிறது. அதன் பின்னால் ஒன்று வருகிறதே, மரக்காரருடையதா? நிழலை நம்பவில்லை, உயரத்தை நம்புகிறது. மூன்றாவதும் வருகிறது. அம்மையாரே, உங்கள் கைப்பேசியில் மணி அடித்ததா? எனக்குக் கேட்கவில்லை.

சுவர்க்காரர் ஏதோ சொல்கிறார். சத்தமாகச் சொல்லுங்கள் ஐயா, ஒலிபெருக்கி இருக்கிறது. "நான் சொல்லலீங்க, டிரைவர் அவராவே எடுத்துட்டுப் போறாரு" என்கிறார். நம்புகிறேன் ஐயா. இன்று நீங்கள் சொன்னதில் நான் நம்புகிற ஒரே சொல் இதுதான். யாரும் சொல்லாமலே அவர் ஏற்றினார். ஏனென்றால் அவர் பள்ளத்தெருப் பிள்ளை. கீழே மழை பெய்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். இந்த மேடையில் நாற்காலி கிடைக்காதவர்தான் இந்த மைதானத்தில் கொள்கை உள்ள ஒரே மனிதர் போலிருக்கிறது.

கைதட்டாதீர்கள். இன்னும் கொஞ்சம் பாருங்கள். மூன்று வண்டியும் எங்கே நிற்கின்றன? ஒன்றை ஒன்று ஒட்டி, பாலத்தை அடைத்து நிற்கின்றன. இன்றிரவு இந்தத் தூறல் மழையானால், என் அக்கா கதவைத் தூக்கிக்கொண்டு வந்தால், அத்தானை எந்தக் கூரையின்மேல் தள்ளுவது? மரக்காரர் கூரையிலிருந்து சுவர்க்காரர் கூரைக்கா? சுவர்க்காரர் கூரையிலிருந்து அம்மையார் கூரைக்கா?

ஆகவே, வேட்பாளர் பெருமக்களே, உங்களிடம் நான் வாக்குறுதி கேட்கவில்லை. என் கடையிலேயே அது நிறையக் கிடக்கிறது. அக்காவும் நானும் இரண்டு தெருப் பெண்களும் என் கடையில் கூடிப் பேசிவிட்டோம். இனி மதகைத் திறக்க வேண்டுமானால் இரண்டு தெரு ஆளும் அங்கே ஒன்றாக நிற்க வேண்டும். பள்ளத்தெருவின் கீழ்வீட்டுக்காரர்களை மேட்டுத்தெரு மாடிகளில் ஏற்றாமல் அதில் யார் கையும் படக் கூடாது. என் கடைக்கு மேலே உள்ள அறை என் அத்தானுக்கு. துணிகளைக் காலி செய்துவிட்டேன். உங்கள் துணிகளையும்தான், அதனால் இன்னும் தாமதமாகும், மன்னியுங்கள். எங்களால் முடிந்தது இவ்வளவு. எங்களால் முடியாதது ஒன்று இருக்கிறது: ஆறுவரை அந்தக் கால்வாயைத் தூர்வாருவது. மூன்று கொள்கையிலும் அது இல்லை. ஏன் இல்லை? அது இரண்டு தெருவுக்கும் நல்லது. யாருடைய காதிலும் ரகசியமாகச் சொல்ல முடியாது. செய்வீர்களா என்று கேட்கிறேன். பதிலை என்னிடம் சொல்லாதீர்கள், என் தெருவிடம் சொல்லாதீர்கள். எழுந்து நின்று, இரண்டு தெருவும் கேட்க, ஒரே பதிலை ஒரே முறை சொல்லுங்கள். சொன்ன பிறகும் நான் சந்தேகப்படுவேன். தூர்வாரும் இயந்திரம் இறங்கும் வரை சந்தேகப்படுவேன். சந்தேகப்படுவதை விட்டதால்தான் நாம் மூழ்கினோம்.

அவர்கள் யோசிக்கட்டும். அதற்குள் ஓட்டுநர் தம்பிகளிடம் ஒரு வேண்டுகோள். தம்பிகளே, பாலத்தில் நிற்க உங்களுக்கு உரிமை உண்டு. ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக நிறுத்துங்கள். ஒரு கதவின் அகலம் இடம் விடுங்கள். இடம் எவ்வளவு என்று தெரியாவிட்டால் என் அக்காவைக் கேளுங்கள், அவளுக்குத் தெரியும்.

அதோ, முதல் வண்டி நகர்கிறது. இரண்டாவதும் மூன்றாவதும் ஒதுங்குகின்றன. அக்கா, திரும்பிப் பார். வழி தெரிகிறதா? தெரிகிறது என்று தலையாட்டுகிறாள்.

கேட்டது மூன்று பேரிடம், செய்தது மூன்று பேர்; ஆனால் அந்த மூவரும் வேறு, இந்த மூவரும் வேறு. நனைந்துகொண்டே கேட்ட மேட்டுத்தெருவுக்கும் பள்ளத்தெருவுக்கும் நன்றி. மணி அடிக்காத தலைமையாசிரியர் ஐயாவுக்கு நன்றி. எழுந்து நிற்கப் போகிற வேட்பாளருக்கு, அப்படி ஒருவர் இருந்தால், முன்கூட்டியே நன்றி. ஒலிபெருக்கியை இதோ உங்கள் நாற்காலிகளுக்கு முன்னால் வைத்துவிட்டு, அக்காவின் பக்கத்தில் போய் உட்காருகிறேன். வணக்கம்.